பேகம் அக்தர் நடுவில் ஏன் பாடாமல் இருந்தார்?

கேள்வி:
பாடகி பேகம் அக்தரின் கஜல்களை (உருதுக் கவிதைப் பாடல்கள்) இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். மேலே போகும்போது குரல் சட்டென்று உடைகிறதே, பழைய பதிவின் கோளாறா? அப்புறம், நடுவில் சில வருடம் பாடவே இல்லையாமே, ஏன்?

பதில் 1:
கோளாறே இல்லைங்க, அதுதான் அவர் முத்திரை. மேல் ஸ்தாயியில் அந்த விரிசல் எப்போது வரும் என்று காத்திருந்து கேட்பேன். வேறு யார் குரல் உடைந்தாலும் தப்பாகத்தான் தெரியும். இவரிடம் மட்டும் கஜலின் வலியே அந்த இடத்தில்தான் இருக்கிறது.

பாடாததற்குக் காரணம் கல்யாணம். 1914இல் ஃபைசாபாத்தில் பிறந்து, அக்தரிபாய் என்ற பெயரில் மேடை, இசைத்தட்டு, சினிமா என்று புகழோடு இருந்தவர். 1945இல் லக்னோ பாரிஸ்டர் இஷ்தியாக் அகமது அப்பாசியை மணந்ததும் பாட்டை நிறுத்த வேண்டியதாயிற்று. உடம்பு படுத்துவிட்டது. பாட்டுதான் மருந்து என்றானபின், 1949இல் லக்னோ வானொலியில் மறுபடி பாடினார். அவ்வளவு பெரிய கலைஞரை வாய்மூட வைத்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பதில் 2:
சத்யஜித் ராயின் 'ஜல்சாகர்' படம் பாருங்கள், 1958இல் வந்தது. அதில் அவரே தோன்றிப் பாடுகிறார். 'ஏ மொஹப்பத்' கஜலையும் விட்டுவிடாதீர்கள், ஷகீல் பதாயுனி எழுதியது. இரவில் ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள்.