மறு: மறு: 'ரேரிட்டீஸ்' ஆல்பத்துக்குத் தமிழ் என்ன? (வியாழனுக்குள் வேண்டும்)

கும்பகோணம், திங்கள் இரவு

குழும நண்பர்களுக்கு வணக்கம். ராக் இசை பற்றிய 64 பக்கச் சிறுநூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வியாழன் காலை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் வண்டி நிற்கிறது. எந்த ஆல்பத்திலும் சேர்க்காமல் விட்ட பாட்டுகளை ஒரு குழு பிற்பாடு வாரிக் கூட்டித் தனித் தட்டாகப் போடுமே, அதற்கு என்ன பெயர்? தி ஹூ என்ற ஆங்கில ராக் குழுவின் 'ஆட்ஸ் அண்ட் சாட்ஸ்' (1974) அந்த வகை. அவர்கள் வெளியிடாத பாட்டுகளைத் திருட்டுத்தட்டுக்காரர்கள் விற்றுக் காசு பார்த்தார்கள். பேஸ் கிட்டார் வாசித்த ஜான் என்ட்விசில் பழைய நாடாக்களைக் கிளறி, தாமே தொகுத்துவிட்டார். 'அரிய பாடல்கள்' என்று எழுதிப் பார்த்தேன். "எம்.கே.டி. பாகவதர் பாட்டா?" என்கிறார் என் வீட்டுக்காரர்.

திருவாரூர், செவ்வாய் காலை

அம்மா, 'அரும்பாடல் திரட்டு' என்று போடுங்கள். அருமை + பாடல், பண்புத்தொகை. அருங்காட்சியகம் பழகிவிட்டதல்லவா, இதுவும் பழகும். திரட்டு என்பதும் சும்மா வந்த சொல் இல்லை. முத்தொள்ளாயிரத்தில் நமக்கு மிஞ்சிய நூற்றுச் சொச்சம் வெண்பாவும் புறத்திரட்டு என்ற பழைய தொகைநூல் காப்பாற்றிக் கொடுத்ததுதான். வெளிவராத பாட்டு என்றால் எங்கள் மாவட்டத்துத் திருவிடைவாயைச் சொல்ல வேண்டும். சம்பந்தர் பதிகம் ஒன்று எந்த ஏட்டிலும் இல்லாமல் அந்தக் கோயில் கல்வெட்டில் மட்டும் இருந்தது. 1917-இல்தான் கண்டுபிடித்தார்கள். என்ட்விசிலுக்கு நாடா, நமக்குக் கல்.

மாயவரம், செவ்வாய் மதியம்

ஐயா, கல்வெட்டு இருக்கட்டும். அருமை வேறு, வெளிவராமை வேறு. பி-சைடு என்பது சிங்கிள் தட்டின் பின்பக்கத்துப் பாட்டு. அது கடைக்கு வந்தது, விற்றது, ஆல்பத்தில்தான் இல்லை. அவுட்டேக் என்பது ஸ்டூடியோவில் பாடிவிட்டுக் கழித்தது. டெமோ வெறும் வெள்ளோட்டம். ஓயசிஸ் 1998-இல் போட்ட 'தி மாஸ்டர்பிளான்' முழுக்கவே பி-சைடுகள். அதைப் போய் 'வெளிவராதவை' என்றால் ரசிகன் அடிக்க வருவான். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டாதீர்கள்.

பாபநாசம், செவ்வாய் இரவு

நான் பயிர் வைக்கிறவன், இலக்கணம் தெரியாது. எங்கள் பக்கம் கதிர்க்கட்டை முதலில் கையால் அடிப்பது தலையடி. அப்புறம் தாளைக் களத்தில் பரப்பி மாட்டை விட்டு மிதித்தால் ஒட்டிக்கொண்டிருக்கிற மணியும் உதிரும். அது போரடி. இப்போது மிஷின் இறங்கி எல்லாம் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடுகிறது. முதல் அடியில் விழாதது என்பதற்காக அது நெல் இல்லாமல் போகுமா? 'போரடித் தொகுப்பு' என்று போடலாமே.

மாயவரம், ஐந்து நிமிடம் கழித்து

அண்ணே, தட்டின் மேலேயே 'போரடி' என்று அச்சடித்துவிட்டால் விமர்சகருக்கு வேலை மிச்சம்.

மன்னார்குடி, புதன் காலை

தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஆர்.இ.எம். குழு 1987-இல் பி-சைடுகளையும் கழித்த பாட்டுகளையும் சேர்த்துப் போட்ட தட்டுக்குப் பெயரே 'டெட் லெட்டர் ஆபீஸ்'. பெறுபவரும் கிடைக்கவில்லை, அனுப்பியவர் விலாசமும் இல்லை என்றால் கடிதம் அங்கேதான் போகும். நம்மிடம் பிற்பாடு ஆர்.எல்.ஓ. (ரிட்டர்ன்ட் லெட்டர் ஆபீஸ்) என்றானது. ஊரார் கடிதத்தைப் பிரித்துப் பார்க்க அங்கே அனுமதி உண்டு, உள்ளேயாவது விலாசம் இருக்குமா என்று. ஆகவே 'சேராப் பாடல்கள்'. ஆல்பத்தில் சேராதது, ஆளிடம் போய்ச் சேராதது, இரண்டும் வந்துவிடுகிறது. பி-சைடும் அடங்கும், அவுட்டேக்கும் அடங்கும்.

திருவாரூர், புதன் மதியம்

ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வலி மிகுந்திருக்கிறது, குற்றமில்லை. ஆனால் சேராப் பாடல் என்றால், கத்தரிக்காய் உடம்புக்குச் சேராது என்று வைத்தியர் சொன்ன மாதிரி இருக்கிறது. எனக்குத் தனி அஞ்சலில் ஒருவர் 'எச்சத் திரட்டு' என்று எழுதியிருக்கிறார். 'எச்சத்தாற் காணப்படும்' என்ற குறள் வேறு துணைக்கு. படித்ததும் கோபுரத்துப் புறாதான் நினைவுக்கு வந்தது.

தஞ்சாவூர், புதன் மாலை

எதற்கு இந்தப் பாடு? 'ரேரிட்டீஸ்' என்றே போட்டால் படிக்கிற பையன் தேடிக் கேட்பான். மின்விசிறி என்று எழுதுகிறவர் வீட்டிலும் "ஃபேனைப் போடு" என்றுதானே குரல் வருகிறது? போதாததற்கு அரும்பாடலைப் பிரித்தால் அரும்பு + ஆடல் என்றும் வருகிறது. ராக் கச்சேரியா, பிள்ளைகள் நாட்டியமா?

திருவாரூர், புதன் இரவு

பேருந்தைப் பார்த்தும் ஒரு காலத்தில் இப்படித்தான் சிரித்தார்கள்.

கும்பகோணம், புதன் நள்ளிரவு

'அரும்பாடல் திரட்டு' என்றே போட்டுவிட்டேன். ஐந்து பேர் சம்மதம். அதில் இரண்டு பேர் "தூக்கம் வருகிறது, எதையாவது போடுங்கள்" என்று எழுதியவர்கள். அடுத்த வரியிலேயே 'ரேரிட்டீஸ்' என்றும் சேர்த்திருக்கிறேன், தஞ்சாவூர்க்காரருக்காக. பி-சைடு பி-சைடாகவே இருக்கிறது. தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள்.

மன்னார்குடி, வியாழன் காலை

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும். திரட்டு என்றதும் எனக்குத் திரட்டுப்பால்தான் ஞாபகம் வருகிறது.

திருவாரூர், வியாழன் காலை

கேட்கவில்லை, அம்மா. ஆனால் பின்பக்கத்துப் பாட்டு புறப்பாடல் என்றால், முன்பக்கத்தது அகப்பாடல் ஆகாதோ? தொல்காப்பியர் இதற்கு