ஜாவா ஸ்விங்: ஸ்லைடருக்குக் கீழே லேபிள் ‘மெ...’ என்று வெட்டுப்படுகிறது

கேள்வி

ஜேடிகே (ஜாவா நிரல் எழுதும் கருவித்தொகுப்பு) 17, விண்டோஸ் 10. ஜாவாவின் திரைச்சாளர நூலகமான ஸ்விங்கில் எழுதுகிறேன். வேகத்தை மாற்ற ஒரு கிடைமட்ட ஜேஸ்லைடர் (இழுத்து மதிப்பை மாற்றும் பட்டை), 50 முதல் 200 வரை. 50, 100, 150, 200 ஆகிய இடங்களில் ‘மெதுவாக’, ‘இயல்பு’, ‘வேகமாக’, ‘மிக வேகமாக’ என்று ஜேலேபிள்கள் (வாசகம் காட்டும் உறுப்புகள்). செட்லேபிள்டேபிள் (எந்த மதிப்பில் எந்த லேபிள் என்ற பட்டியலை ஸ்லைடருக்குத் தரும் கட்டளை) கொடுத்த பிறகு, ஒரு லூப்பில் எல்லா லேபிளுக்கும் எழுத்தளவை 16 ஆக்குகிறேன். அதிலிருந்து ‘மெ...’, ‘மிக...’ என்றுதான் தெரிகிறது. ரீவேலிடேட் (அமைப்பை மறுபடி கணக்கிடுதல்), ரீபெயின்ட் (மறுபடி வரைதல்) இரண்டும் பலிக்கவில்லை.

இன்னொரு ஸ்லைடர் 0 முதல் 1000 வரை, வெறும் எண்கள். பெரிய அளவுக் கோடுகளின் இடைவெளி 50 என்றபோது எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. ஓடும்போதே 250 ஆக்கினால் கோடுகள் மாறுகின்றன, எண்கள் மாறவில்லை.

பதில் 1

முதல் சிக்கலுக்குக் காரணம் நீங்கள் கட்டளைகளைக் கொடுத்த வரிசை. இந்த லேபிள்கள் ஸ்லைடருக்குள் சேர்க்கப்பட்ட உறுப்புகள் அல்ல. ஸ்லைடர் அவற்றைப் படம் போல வரைகிறது, அவ்வளவுதான். அதனால் உறுப்புகளின் இடத்தையும் அளவையும் தீர்மானிக்கும் லேஅவுட் மேனேஜர் அவற்றைத் தொடுவதே இல்லை. செட்லேபிள்டேபிள் அழைக்கும் நொடியில் அளந்த அகலமே நிலைக்கும். பிறகு எழுத்து பெரிதானால் பழைய அகலத்துக்குள் அடங்காமல் மூன்று புள்ளி விழும். அடையாளம் வேண்டுமா? வெட்டுப்பட்ட லேபிள் கோட்டுக்கு நேராக இராமல் கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும். நடுப்புள்ளியைக் கணக்கிடுவது புது அகலத்தை வைத்து, வரைவது பழைய அகலத்தில்.

எழுத்தளவை முதலில் வையுங்கள், பிறகு ஹேஷ்டேபிளில் (செட்லேபிள்டேபிளுக்குத் தரும் பட்டியல்) போடுங்கள். ஓடும்போது மாற்றியே ஆகவேண்டும் என்றால், செட்லேபிள்டேபிளுக்கு முதலில் நல் (எதுவுமில்லை என்ற மதிப்பு) கொடுத்து, அடுத்த வரியில் அதே டேபிளைத் திரும்பக் கொடுங்கள். நேரடியாக அதையே மறுபடி கொடுத்தால் அகலம் சரியாகும். ஆனால் பழையதும் புதியதும் ஒன்றே என்பதால் மாற்ற அறிவிப்பு போகாது. லேபிள் வரிசையின் உயரம் பழையபடியே நின்று எழுத்தின் அடிப்பகுதி வெட்டுப்படலாம்.

ஸ்லைடருக்கே செட்ஃபான்ட் (எழுத்துருவை அமைக்கும் கட்டளை) கொடுப்பது தானாக உருவான எண்களுக்கு மட்டும் போதும். நாமே செய்த ஜேலேபிள் அதைப் பின்பற்றாது.

பதில் 2

இரண்டாவதுக்கு: பெரிய கோடுகளின் இடைவெளியை வைக்கும் செட்மேஜர்டிக்ஸ்பேசிங், லேபிள் டேபிள் காலியாக இருந்தால் மட்டுமே எண்களைத் தானாக உருவாக்கும். ஏற்கனவே ஒன்று இருந்தால் சீண்டாது. ஆகவே இடைவெளியை மாற்றிய கையோடு கிரியேட்ஸ்டாண்டர்ட்லேபிள்ஸ்(250) தரும் எண் பட்டியலை செட்லேபிள்டேபிளில் போடுங்கள். (ஸ்லைடரின் குறைந்த, அதிக மதிப்பு எல்லையை மாற்றினால் மட்டும் தானியங்கி எண்கள் புதுப்பிக்கப்படும். இதனால்தான் பலர் குழம்புகிறார்கள்.)

எண்கள் ஏறி விழுவது வெறும் கணக்கு. எத்தனை லேபிள் இருந்தாலும் ஸ்லைடர் கேட்கும் அகலம் 200 பிக்சல்தான். 50க்கு ஒன்று என்றால் 21 எண்கள், ஒவ்வொன்றுக்கும் சுமார் 10 பிக்சல். ‘1000’ அதற்குள் எப்படி நுழையும்? 250க்கு ஒன்று என்றால் சுமார் 50 பிக்சல் கிடைக்கும். அகலத்தைக் கூட்ட செட்பிரிஃபர்ட்சைஸில் (வேண்டிய அகலம், உயரத்தை வைக்கும் கட்டளை) 400, 30 என்று எழுதிவிடாதீர்கள். அந்த 30க்குள் லேபிள் வரிசை காணாமல் போகும். உயரத்தை கெட்பிரிஃபர்ட்சைஸ் தருவதிலிருந்தே எடுங்கள்.

கேட்டவர்

இரண்டும் சரியாகிவிட்டன, நன்றி. லினக்ஸ் கணினி ஒன்றில் மட்டும் தமிழ் லேபிள்கள் வெறும் கட்டங்களாக வருகின்றன.

பதில் 1

கட்டம் என்றால் எழுத்துரு இல்லை. கேள்விக்குறியோ கிறுக்கலோ வந்தால் அது என்கோடிங் (எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறை) கோளாறு. லேபிளின் எழுத்துருவில் கேன்டிஸ்ப்ளேஅப்டு அழைத்து லேபிள் வாசகத்தைக் கொடுங்கள். -1 வந்தால் எல்லா எழுத்தும் உண்டு, வேறு எண் வந்தால் அந்த இடத்து எழுத்து இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவி, லேபிளுக்கு அதன் பெயரையே கொடுங்கள்.

ஜேடிகே 17 என்பதால் இன்னொன்று: தொகுக்கும்போது யூடிஎஃப்-8 என்கோடிங்கைக் கட்டளையில் குறிப்பிடுங்கள். ஜேடிகே 18 முதல்தான் அது இயல்பாகவே வருகிறது.