புதுப்பிப்பு: டேப்லெட் பேச்சுப் பயிற்சி, ஒரு திருத்தம்

ஆட்டிசம் உள்ள குழந்தை பட பட்டனைத் தொட்டுப் பேசும் முறை பற்றிய முந்தைய பதிவில், வாராவாரம் பட்டன்களை மாற்றி அடுக்கச் சொல்லியிருந்தோம். அது தப்புங்க. படத்தோடு சேர்த்து இடத்தையும் விரல் பழகுகிறது. இடது மேல் மூலையில் ‘வேணும்’ என்றால் கடைசிவரை அங்கேதான். புதுச் சொல் காலிக் கட்டத்துக்குப் போகட்டும்.

பட்டனைத் தொட்டால் டேப்லெட்டின் இயந்திரக் குரல் ‘வேண்டும்’ என்று சொல்லும். வீட்டில் யார் அப்படிப் பேசுறாங்க? அம்மா குரலில் ‘வேணும்’ எனப் பதியுங்க. சந்தவை (இடியாப்பம் மாதிரியான பலகாரம்) பட்டனுக்கு வீட்டுத் தட்டோடு போட்டோ எடுத்துப் போடுங்க.

குழந்தை கையைப் பிடித்து அழுத்த வேண்டாம். ‘சந்தவை’, ‘வேணும்’ என்று நீங்களே தொட்டுக் காட்டி, பத்து விநாடி வாயைத் திறக்காம இருங்க. பெரியவங்களுக்கு இதுதான் சிரமம்.

குழந்தை யூடியூப்புக்குத் தாவினால், திரையை ஒரே ஆப்பில் பூட்டி வைக்கும் வசதியைப் போடுங்க: ஐபேடில் கைடட் ஆக்சஸ், ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங் (பழையதில் ஸ்கிரீன் பின்னிங்).