களிமண்ணில் எலும்பு செய்தால் இனப்படுகொலை புரியுமா?

சுமதி (ஓவிய ஆசிரியை):
ஒன்பதாம் வகுப்புக்கு நாஜிகள் பாடம் நடக்கிறது. அதையொட்டி ஒரு களிமண் பட்டறை நடத்த ஆசை. 2013 ஜூனில் இனப்படுகொலைகளுக்கு எதிராக, வாஷிங்டனில் நேஷனல் மால் என்ற பூங்காவின் புல்வெளியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட எலும்புகளைப் பரப்பி வைத்தார்கள். எல்லாமே கையால் செய்தவை, நிறையப் பள்ளிப் பிள்ளைகள் செய்து அனுப்பியவை. ‘பத்து லட்சம்’ என்று பலகையில் எழுதினால் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஒரே ஒரு எலும்பை உருட்டி முடிக்க ஒரு பீரியட் ஆனால், அந்த எண்ணின் கனம் கைக்குத் தெரியும்.

கதிர் (வரலாறு):
மேடம், கனம் தெரியும், காரணம் தெரியாது. ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1994 ஏப்ரலில் தொடங்கி சுமார் நூறு நாளில் எட்டு லட்சம் பேர் வரை, பெரும்பாலும் டுட்சி இனத்தவர், கொல்லப்பட்டார்கள். அதற்கு அறுபது ஆண்டு முன்பே பெல்ஜிய ஆட்சி அடையாள அட்டையில் ஒவ்வொருவரின் இனத்தையும் ஹுட்டு, டுட்சி என்று பதிய வைத்திருந்தது. சாலைத் தடுப்புகளில் அந்த அட்டையைப் பார்த்துத்தான் கொன்றார்கள். வானொலியோ டுட்சிகளைக் கரப்பான்பூச்சி என்றது. இதில் எதைக் களிமண் சொல்லும்? பாதிக்கப்பட்டவர் இடத்தில் மாணவர்களை நிறுத்தி நடிக்க வைக்காதீர்கள் என்று நாஜிகள் செய்த யூத இனப்படுகொலையை நினைவுகூரும் அமெரிக்காவின் ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகமே ஆசிரியர்களுக்குச் சொல்கிறது.

சுமதி:
நடிக்க வைப்பதை நானும் ஏற்கமாட்டேன். மண் பிசைவது நடிப்பு இல்லையே சார். ஃப்ரீடில் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர் யூதர்களை நாஜிகள் அடைத்துவைத்த தெரேசின் முகாமிலேயே பிள்ளைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்தார். 1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். இரண்டு பெட்டிகளில் அவர் விட்டுப்போன, பிள்ளைகள் வரைந்த சுமார் 4,500 படங்கள் இன்று பிராகில் இருக்கின்றன. கலை அந்த இடத்திலேயே இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

கதிர்:
அவர் பிள்ளைகளைப் படத்தில் பெயர் எழுதச் சொன்னார். அதைத்தான் நானும் கேட்கிறேன். உங்கள் எலும்புக்குப் பெயர் இல்லை. ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் உள்ள இனப்படுகொலை நினைவகத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு பகுதி உண்டு. ஒவ்வொரு குழந்தையின் புகைப்படத்துக்கும் கீழே பிடித்த சாப்பாடு, பிடித்த விளையாட்டு, எப்படிக் கொல்லப்பட்டது என்று எழுதியிருக்கும். ஒரு பலகையைப் படித்தால் போதும், அந்தப் பிள்ளை யார் என்று தெரிந்துவிடும்.

வேலு (பானை வனைபவர்):
நான் ஒரு பள்ளியில் இப்படிப் பட்டறை நடத்தியிருக்கிறேன். ஒரு பெண் குழந்தை விரல் எலும்பின் முனையை ஈரக்கையால் தடவித் தடவி வழவழப்பாக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்து, “இது யாரோட விரல் சார்?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. மண்ணைக் குழைத்துக் கொடுத்தேனே தவிர, ஒரு பெயர்கூடக் கொண்டுபோகவில்லை. அது என் தவறு. ஆனால் அந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வந்திருக்காது, கதிர் சார்.

சுமதி:
சரி, வரிசையை மாற்றுகிறேன். முதலில் ஒரே ஒருவருடைய வாழ்க்கையைப் படிப்போம். அப்புறம் மண்.

கதிர்:
அதற்கும் முன்னால் மூன்று பீரியட் எனக்கு வேண்டும். அட்டை, வானொலி, கொல்ல வந்த அண்டை வீட்டுக்காரன், எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். எலும்பு வேண்டுமா என்பதில் எனக்கு இன்னும் சம்மதமில்லை. ஆனால் அந்தக் குழந்தையின் கேள்வியை மறுக்க முடியவில்லை. ஒன்று மட்டும்: செய்ததை ஆண்டு விழாவில் அடுக்கி வைத்து ஃபோட்டோ எடுப்பதென்றால் நான் வரமாட்டேன்.