புதுப்பிப்பு: ஏழு பேர் வண்டி, எட்டு மாதம் கழித்து

ஏழு பேர் போக மாருதி எர்டிகா கார் வாங்கலாமா, மஹிந்திரா பொலேரோ நியோ வாங்கலாமா என்று போன ஆடியில் இங்கே கேட்டிருந்தேன். எர்டிகாதான் எடுத்தோம். பொலேரோ நியோவில் கடைசி வரிசை எதிரெதிராக, பக்கவாட்டில் உட்காரும்படி இருக்கிறது. அம்மாவுக்கு அது ஒத்துவரவில்லை.

11,000 கிலோமீட்டர் ஓடியாச்சு, இஞ்சினில் கை வைக்கவில்லை. எதிர்பாராத செலவு எலிதான்! சம்பா அறுவடை முடிந்ததும் வயலெலி பானெட்டுக்குள் வைக்கோல் திணித்துக் கூடு கட்டி, ஒயரையும் கடித்துவிட்டது. இப்போது ராத்திரி பானெட்டைத் திறந்தே வைக்கிறோம்.

ஏழு பேரும் ஏறினால் பின்னால் 209 லிட்டர் இடம்தான். மன்னார்குடியிலிருந்து வேளாங்கண்ணி போனபோது மாமா மடியில் இரண்டு பை. கடைசி சீட்டை மடக்கினால் நெல் மூட்டையே ஏற்றலாம். அப்புறம், சிலர் இதை எஸ்யூவி (கரடுமுரடான பாதைக்கேற்ற உயரமான வண்டி) என்றார்கள், ஆனால் இது எஸ்யூவி இல்லை. வரப்போர மண்பாதையில் அடி தட்டுகிறது.