மறுபடியும் 1992: பினாடுபோவா, எல் நினோவா?

வைகைக்கரையான்: "வளிமண்டலத்தின் மேலடுக்கில் கந்தகம் தூவினால் பூமி குளிரும், மழைக்கு ஒரு குறையும் வராது" என்று பரிதி அண்ணன் நேற்று எழுதியதைப் படித்துவிட்டுத் தூக்கமே வரவில்லை. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை ஏறக்குறைய 2 கோடி டன் கந்தக டை ஆக்சைடைக் கக்கியது. பூமி அரை டிகிரி குளிர்ந்தது, சரி. கூடவே நிலத்தில் பெய்த மழையும், ஆறுகள் கடலில் கொண்டுபோய்ச் சேர்த்த தண்ணீரும் சரிந்தனவே, அதை எங்கே ஒளித்து வைத்தீர்கள்?

பரிதி: 1992 எல் நினோ வருடம் தம்பி, பசிபிக் கடல் சூடேறி உலக மழையையே கலைத்துப்போடும் வருடம். எரிமலைமேல் பழி போடாதே.

வைகைக்கரையான்: எல் நினோவின் பங்கைக் கழித்துவிட்டுத்தான் டிரென்பெர்த், டாய் என்ற இரண்டு காலநிலை விஞ்ஞானிகளும் 2007இல் கணக்குப் போட்டார்கள். கழித்த பிறகும் சரிவு அப்படியே நிற்கிறது. வெயில் குறைந்தால் ஆவியாவது குறையும். கடலைவிட நிலம் சீக்கிரம் குளிர்ந்தால் பருவக்காற்றை யார் இழுப்பது?

பரிதி: கழித்தார்களாம்! பாலையும் தண்ணீரையும் பிரிக்க அவர்கள் என்ன அன்னப்பறவையா? 1992 எல் நினோ.

கயல்: ஒரு நிமிடம். பேசுவது மேலடுக்குத் துகளா, உப்புத்துளி தெளித்துக் கடல்மேகத்தை வெளுக்க வைப்பதா? எவ்வளவு, எந்த அட்சரேகையில்?

வைகைக்கரையான்: அது அப்புறம் கயல். முதலில் 1992.

பொருநைச்செல்வன்: 1992இல் மழை குறைவா? அந்த நவம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததைப் பார்த்தவன் நான். மாஞ்சோலை மலையில் இருக்கும் காக்காச்சியில் ஒரே நாளில் 96 செ.மீ.

பரிதி: கேட்டுக்கொள் வைகை :)

வைகைக்கரையான்: நான் சொல்வது 1991 அக்டோபரிலிருந்து 1992 செப்டம்பர் வரை, உலகம் முழுவதற்குமான கணக்கு. இவர் நவம்பர் மாதத்து மலைத்தோட்டம் ஒன்றின் மழைமானியைத் தூக்கிக்கொண்டு வருகிறார். காலண்டர் பார்க்கத் தெரியுமா? மழைக்காக மேகத்தில் உப்பு தூவும் மேகவிதைப்பையும் இதையும் ஒன்றென்று போன தடவை குழப்பியவரும் இவர்தான். நான் மறக்கவில்லை.

பொருநைச்செல்வன்: மலைத்தோட்டம் என்று ஏளனமா? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டியபோதுகூட அந்த அளவைத் தாண்டவில்லை.

அமுதன்: சமவெளியில் 95 என்பதுதான் சாதனை. மலையில் பெய்வது ஒரு பெரிய விஷயமா?

பொருநைச்செல்வன்: நீங்கள் எந்த ஊர் சார்?

வைகைக்கரையான்: சண்டையைத் திசைதிருப்ப வேண்டாம். வடகோளத்தில் மட்டும் தூவினால் சஹாராவுக்குத் தெற்கே இருக்கும் ஆப்பிரிக்காவின் சாஹேல் வறள்பட்டை காயும், தென்கோளத்தில் மட்டும் தூவினால் அதே சாஹேல் பசுமையாகும் என்கின்றன காலநிலைக் கணினி மாதிரிகள். குழாய் யார் கையில் இருக்கிறதோ, அவன் வைத்ததுதான் மழை. மெக்சிகோவில் 1982இல் எல் சிச்சோன் வெடித்தது, சாஹேல் வறண்டது. அலாஸ்காவில் 1912இல் காட்மாய் வெடித்தது, அதன் பிறகும் வறண்டது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பரிதி: 1982உம் எல் நினோ வருடம்தான்.

வைகைக்கரையான்: 1912?

அமுதன்: மதுரை.

வைகைக்கரையான்: பரிதி அண்ணா, 1912?

பரிதி: முதலில் 1992ஐ முடி.