சிகாகோவில் 1 மணி 40 நிமிடம்தான் இடைவெளி: அப்பா, அம்மாவால் அடுத்த விமானத்தைப் பிடிக்க முடியுமா?

காவேரிக்கரை:
அப்பாவுக்கு வயது 71, அம்மாவுக்கு 66. அமெரிக்காவுக்கு முதல் பயணம். திருச்சியிலிருந்து காரில் சென்னை, அங்கிருந்து துபாய், துபாயிலிருந்து சிகாகோ ஓஹேர், கடைசியாக ஒரு குட்டி விமானத்தில் மேடிசன். அண்ணன் அங்கேதான் இருக்கிறான். டிக்கெட் எடுத்தபோது சிகாகோவில் 3 மணி 10 நிமிட இடைவெளி இருந்தது. போன வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. மேடிசன் விமானத்தின் நேரத்தை மாற்றிவிட்டார்களாம். இப்போது இருப்பது 1 மணி 40 நிமிடம். கீழே 'ஏற்கிறேன்' என்று ஒரு பொத்தான். இன்னும் அழுத்தவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பா நன்றாக நடப்பார், ஆங்கிலமும் பேசுவார். ஆனால் உயிரே போனாலும் யாரிடமும் வழி கேட்க மாட்டார். டிராவல்ஸ்காரர், "பெட்டி நேரே மேடிசன் போய்விடும், இவர்கள் இறங்கி ஏறினால் போதும்" என்கிறார். பெட்டியைச் சிகாகோவிலேயே எடுக்க வேண்டும் என்கிறான் அண்ணன். யார் சொல்வது சரி?

மேடிசன்வாசி:
அண்ணன் சொல்வதுதான் சரி. சென்னையில் மேடிசன் வரைக்கும் டேக் ஒட்டிக் கொடுப்பார்கள். அதைப் பார்த்துத்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். துபாயிலிருந்து வருபவர்களுக்கு இமிகிரேஷனும் சுங்கமும் சிகாகோவில்தான். இறங்குவது 5ஆம் டெர்மினல். கைரேகை, புகைப்படம், இரண்டு மூன்று கேள்விகள். பிறகு பெட்டிகளைப் பட்டையிலிருந்து எடுத்து, சுங்கத்தைக் கடந்து, வெளியே வந்ததும் அங்கேயே இருக்கும் இடத்தில் மறுபடி ஒப்படைக்க வேண்டும். அதன்பின் ஓட்டுநர் இல்லாத ரயிலில் ஏறி 1ஆம் அல்லது 2ஆம் டெர்மினலுக்குப் போக வேண்டும். எது என்பதை அன்றைக்குத் திரையைப் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும். ரயிலுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அது பாதுகாப்பு எல்லைக்கு வெளியே ஓடுகிறது. அதனால் போய் இறங்கிய இடத்தில் மீண்டும் ஒரு பாதுகாப்புச் சோதனை உண்டு. 2025 ஜூலையிலிருந்து எல்லோரையும் காலணி கழற்றச் சொல்வதில்லை, அது ஒரு நிம்மதி.

1ஆம் டெர்மினலில் 'சி' பக்கம் வாயில் கிடைத்துவிட்டால், பூமிக்கடியில் நியான் விளக்குகள் மின்னும் நீண்ட சுரங்கப்பாதை ஒன்றையும் கடக்க வேண்டும். பார்க்க அழகாக இருக்கும். முழங்கால் வலிக்காரர்களுக்கு அந்த அழகு தெரியாது.

உள்நாட்டு விமானத்தின் கதவைப் புறப்படும் நேரத்துக்கு 15 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். எனவே உங்கள் கணக்கு 1 மணி 40 நிமிடம் இல்லை, 1 மணி 25 நிமிடம்.

பறக்கும்பாவை:
இவ்வளவு பயமுறுத்த வேண்டாமே. நான் போன ஆண்டு இதே ஓஹேரில் ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடித்து, காபியும் குடித்துவிட்டு ஏறினேன்.

மேடிசன்வாசி:
உங்கள் வயது என்ன, எத்தனை பெட்டி என்று சொன்னால் நன்றாக இருக்கும்.

பறக்கும்பாவை:
29. தோள்பை மட்டும். சரி, ஒப்புக்கொள்கிறேன்.

பெட்டிதூக்கி:
காவேரிக்கரை, முதலில் ஒன்று சொல்லுங்கள். சென்னையிலிருந்து மேடிசன் வரை ஒரே முன்பதிவு எண்ணா? அல்லது மேடிசன் டிக்கெட்டைத் தனியாக எடுத்தீர்களா?

காவேரிக்கரை:
ஒரே எண்தான், 6 எழுத்து. திரும்பி வருவதும் அதிலேயே இருக்கிறது.

பெட்டிதூக்கி:
அப்படியென்றால் பாதிக் கவலை தீர்ந்தது. ஒரே டிக்கெட்டில், முந்தைய விமானம் தாமதமாகி அடுத்தது தவறினால், இருக்கை உள்ள அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் கைவிரித்துவிடுவார்கள்.

மீதிப் பாதிக்கு மருந்து அந்த மின்னஞ்சலிலேயே இருக்கிறது. பொத்தானை அழுத்தாதீர்கள். நேரத்தை மாற்றியது நீங்கள் இல்லை, அவர்கள். இந்த நிலையில் தொலைபேசியில் கூப்பிட்டு, "இந்த இடைவெளி வயதானவர்களுக்குப் போதாது, அதே நாளில் அடுத்த மேடிசன் விமானத்துக்கு மாற்றுங்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் கட்டணம் இல்லாமலே மாற்றித் தருவார்கள். ஏற்றுக்கொண்ட பிறகு கேட்டால், நீங்களாக மாற்றுவதாகக் கணக்கு வைத்துப் பணம் கேட்கக்கூடும். கூப்பிடுவதற்கு முன்பு அன்றைக்கு மாலையில் என்னென்ன விமானங்கள் இருக்கின்றன என்று பார்த்து, எண்ணையே சொல்லிக் கேளுங்கள். "வேறு ஏதாவது இருக்கிறதா" என்று பொதுவாகக் கேட்டால், "இல்லை" என்பதுதான் அவர்களுக்குச் சுலபமான பதில்.

எதிர்முனையில் இருப்பவர் மறுத்தால் வாதாட வேண்டாம். நன்றி சொல்லி வைத்துவிட்டு அரை மணி கழித்து மறுபடி கூப்பிடுங்கள். வேறொருவர் எடுப்பார்.

ஏரிக்கரையான்:
எதற்கு இந்தப் பாடு? ஓஹேரிலிருந்து மேடிசனுக்கு நேரடி பஸ் இருக்கிறது, ஏறத்தாழ மூன்று மணி நேரம். பெட்டியும் சிகாகோவில் கைக்கு வந்துவிடுகிறது. விமானத்தை விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறச் சொல்லுங்கள்.

பெட்டிதூக்கி:
ஐயா, தயவுசெய்து வேண்டாம். சொல்லாமல் ஒரு விமானத்தில் ஏறாமல் விட்டால், அதே டிக்கெட்டில் அதற்குப் பிறகுள்ள பயணம் முழுவதும் ரத்தாகிவிடும். திரும்புகிற டிக்கெட்டும் போய்விடும். பஸ்தான் வேண்டும் என்றால் நிறுவனத்திடமே சொல்லி அந்தப் பகுதியை நீக்கிக்கொள்ள வேண்டும்.

நாற்காலிப்பேத்தி:
அம்மாவுக்குச் சக்கர நாற்காலி இப்போதே பதிவு செய்யுங்கள். கடைசி 48 மணி நேரம் வரை தள்ளிப்போட வேண்டாம். 'படி ஏற முடியும், தூரம் நடக்க முடியாது' என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஆனால் நாற்காலி கிடைத்தால் வேகமாகப் போய்விடலாம் என்று நம்பாதீர்கள். என் பாட்டி வந்த விமானத்தின் வாசலில் முப்பது பேருக்குக் குறையாமல் நாற்காலிக்குக் காத்திருந்தார்கள், தள்ளுவதற்கு ஆறேழு பேர்தான். வழி தெரியாமல் தவிக்க வேண்டியதில்லை என்பதுதான் அதன் பெரிய லாபம். வழி கேட்காத அப்பாவுக்கும் சேர்த்து.

மாத்திரைகள் கைப்பையில். துபாய்க் கடையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவம் எதையாவது வாங்கினால், சிகாகோவில் பெட்டியை ஒப்படைக்கும் முன்பு அதற்குள் வைத்துவிடச் சொல்லுங்கள். பச்சைக் கறிவேப்பிலை ஒரு கொத்துகூட வேண்டாம். எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் ஒரு பூச்சி அதில் வரும் என்பதால் தடை. அதற்காக ஓரமாக நிறுத்தினால் எத்தனை மணி நேர இடைவெளியும் போதாது.

மேடிசன்வாசி:
அடுத்த முறை அபுதாபி வழியாகப் பாருங்கள். 2014 முதல் அமெரிக்க இமிகிரேஷனையும் சுங்கத்தையும் அங்கேயே முடித்து அனுப்புகிறார்கள். சிகாகோவில் உள்நாட்டுப் பயணிபோல இறங்கலாம். இப்போதைக்கு இது உதவாது, தெரிந்திருக்கட்டும்.

காவேரிக்கரை:
மூன்று முறை கூப்பிட்டேன். முதலாமவர் "கட்டணம் ஆகும்" என்றார், இரண்டாவது அழைப்பு பாதியில் அறுந்தது, மூன்றாவதாகப் பேசிய பெண் விமான எண்ணைச் சொன்னதும் நான்கே நிமிடத்தில் மாற்றிவிட்டார். இப்போது 4 மணி 5 நிமிடம். டிராவல்ஸ்காரரிடம் பெட்டி விஷயத்தைச் சொன்னேன். "அப்படியா, புதிதாக மாற்றியிருப்பார்கள்" என்றார்!

காவேரிக்கரை (ஐந்து வாரம் கழித்து):
போய்ச் சேர்ந்துவிட்டார்கள். துபாய் விமானம் 40 நிமிடம் தாமதம். நாற்காலிக்கு 25 நிமிடம் காத்திருப்பு. இமிகிரேஷனில் அரை மணி. மூன்று பெட்டிகள் உடனே வந்தன. அப்பா பச்சைக் கயிறு கட்டிய நான்காவது கடைசியில் வந்தது. அவர்கள் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றபோது பழைய விமானம் கிளம்பிவிட்டிருந்தது.

செய்ய வேண்டியவற்றை வரிசையாக ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒவ்வொன்று முடிந்ததும் அப்பா பேனாவால் டிக் அடித்துக்கொண்டே போயிருக்கிறார். யாரிடமும் வழி கேட்கவில்லை. கறிவேப்பிலையைப் பிடுங்கி வைத்ததில் அம்மாவுக்கு இன்னும் என்மேல் மனத்தாங்கல். யாருக்காவது அந்தத் தாள் பயன்படும் என்றால் இங்கே தட்டச்சு செய்து போடுகிறேன்.

பறக்கும்பாவை:
போடுங்கள். என் மாமியார் அக்டோபரில் வருகிறார். ஐந்து பெட்டி.